பத்தடி அறையில் சிக்கிய பேஸ்

வீட்டு ஸ்டூடியோ வைப்பவர்கள் முதல் செலவைச் சுவருக்குச் செய்யட்டும்

சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளும் கண்ணாடியிழை கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று அந்தமானில் செயல்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய வழியை நம்பியிருந்த தீவு அது. ஒரு பாட்டின் ட்ராக்குகளைத் தனித்தனியாகச் சென்னைக்கு அனுப்புவதே பெரும்பாடாக இருந்த ஊரில், இன்று லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இரண்டு மானிட்டர் ஸ்பீக்கரும் இருந்தால் படுக்கையறையே ஸ்டூடியோ. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அங்குள்ள ஃபீனிக்ஸ் பே அதே பெயரில், அதே படகுத்துறையோடு இருக்கிறது. துறைக்கு மேலே மேட்டில் நெருக்கமாக நிற்கும் வீடுகளில் முருகன் பாட்டு, ஆல்பம் பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி என்று எதுவும் உருவாகலாம். கடல் இப்போது தடை இல்லை.

தடை அறைக்குள் இருக்கிறது. வீட்டில் கேட்கும்போது பேஸ் கச்சிதமாக இருக்கும். அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். கோயில் திருவிழா மேடையில் போட்டால் ஊஃபர் கிழிகிற மாதிரி உறுமும். நண்பர் வீட்டில் போட்டால் பேஸ் கிட்டார் வாசித்ததற்கான தடயமே இருக்காது. உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்கிறோம், பெரிய ஸ்பீக்கருக்குச் சென்னையில் ஆர்டர் போடுகிறோம். மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கும் அந்தப் பெரிய ஸ்பீக்கரால், அதே அறையில், அதே குற்றம் இன்னும் உரக்கக் கேட்கும். காரணம் எளியது. சிறிய அறையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர் அல்ல, அறை.

கணக்கைப் பார்த்துவிடலாம். அந்தமானின் வழக்கமான 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. நம் வீடுகளில் அதிகம் காணப்படும் பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்வோம். உயரம் ஒன்பதரை அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அலை போய்த் திரும்பி, தன்னோடு தானே சேர்ந்து வலுக்கும் அதிர்வெண் ஒவ்வொரு திசைக்கும் ஒன்று உண்டு. பன்னிரண்டு அடி நீளத்துக்கு அது 48 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்துக்கு 57. ஒன்பதரை அடி உயரத்துக்கு 60. இவற்றின் மடங்குகளும் அதே போல் எழும்பும். வாளித் தண்ணீரை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டினால் மட்டும் அது விளிம்பு தாண்டி எழுவதைப் போல, இந்த எண்களில் மட்டும் அறை பொங்கும்.

இந்த எண்கள் இசையில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி, ஈ, 41 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி, 49 ஹெர்ட்ஸ். அறையின் நீளம் அதைத் தூக்கிவிடும். ஏ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வரும் ஏ ஷார்ப் 58 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் சேர்ந்து அதைத் தூக்கும். வாசித்தவர் எல்லா ஸ்வரத்தையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார். கேட்பவருக்கு இரண்டு ஸ்வரம் முட்டிக்கொண்டு நிற்கும், மற்றவை பின்வாங்கும். மிக்ஸ் செய்பவர் அந்த இரண்டையும் ஈக்யூ போட்டு வெட்டுவார். அந்த வெட்டு பாட்டோடு கடல் தாண்டிப் போகும். அறை கூடப் போகாது. சென்னையில் கேட்பவருக்கு அந்த இரண்டு இடமும் பள்ளம்.

நாற்காலி போட்டிருக்கும் இடமும் இதில் கூட்டு. அறையின் நடுவில் உட்கார்ந்தால் நீளத்துக்குரிய அந்த 48 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும் நடுவில் பூஜ்யமாகவும் இருப்பதே காரணம். எழுந்து பின்சுவரில் சாய்ந்து நின்றால் அதே ஸ்வரம் நெஞ்சில் இடிக்கும். நடு அறையில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவதும், பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பாடகர் 'அதிகம், அதிகம்' என்பதும் இதனால்தான். இருவர் காதும் சரி.

நம் வாத்தியங்களுக்கு இந்தக் கேடு இன்னும் கொடியது என்பது என் எண்ணம். பேஸ் கிட்டார் ஸ்வரத்துக்கு ஸ்வரம் நிற்கும் வாத்தியம். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை பூசி, உள்ளங்கையால் கும்கி கொடுக்கும்போது ஒலி ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழிருந்து மேலே வழுக்கிப் போகிறது. உறுமியும் அப்படித்தான், அதன் உயிரே அந்த வழுக்கலில் இருக்கிறது. பொங்கும் அறைக்குள் அந்த வழுக்கல் பாதி வழியில், அறைக்குரிய எண்ணில் மாட்டிக்கொண்டு நீள்கிறது. கலைஞர் மணிக்கட்டில் கொண்டுவந்த நெளிவு மைக்குக்குப் போய்ச் சேரும்போது வெறும் 'தொம்'. சி.வி.ராமன் நம் தாள வாத்தியங்களின் தோலை 1920-லேயே ஆராய்ந்து, மிருதங்கத்தின் சுரங்கள் எப்படி ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கின்றன என்று உலகத்துக்கு எழுதினார். அவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்ட வாத்தியத்தைச் சிமென்ட் பெட்டிக்குள் வைத்து மழுங்கடிக்கக் கூடாது.

பெரிய ஹாலில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? நாற்பதடி நீள ஹாலின் முதல் பொங்கல் 14 ஹெர்ட்ஸில் வரும், காதுக்கே எட்டாது. நமக்குக் கேட்கும் பேஸ் பகுதியில் நூற்றுக்கணக்கான பொங்கல்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்று, எதுவும் தனியாகத் தலைதூக்காமல் நிரவிவிடுகின்றன. கோடம்பாக்கமும் சாலிகிராமமும் பெரிய ஹால்களில்தான் தம் பேஸை வளர்த்தன. இளையராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்த பேஸ் கிட்டார் வரிகளை இன்றைக்கும் ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்துக் கேட்க முடிகிறது என்றால், வாசிப்புக்கும் எழுத்துக்கும் அடுத்தபடி அந்தச் சூழலுக்கும் அதில் பங்கு உண்டு.

வீட்டில் முடியாது என்று இதற்குப் பொருளில்லை. 1992-ல் 'ரோஜா' வந்தபோது தமிழ்நாட்டின் காது மாறியது. அந்த இசை உருவானது ஏ.ஆர்.ரஹ்மானின் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில். அவரோடு நெடுங்காலம் பணியாற்றிய சவுண்ட் இன்ஜினியர் எச்.ஸ்ரீதர் 2008-ல் மறைந்தார். அவர் கைபட்ட பாடல்களில் கீத் பீட்டர்ஸ் போன்றவர்களின் பேஸ் கிட்டார் ஆழமாக இருக்கும், ஆனால் குரலை மூடாது. வீட்டு ஸ்டூடியோவுக்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அறையைக் கருவியாக நினைத்துச் செலவு செய்தால் வீடும் போதும்.

முட்டை அட்டை எங்கே தோற்கிறது

வீட்டு ஸ்டூடியோ என்றதும் சுவரில் முட்டை அட்டை, அல்லது இரண்டு அங்குல ஃபோம். இரண்டும் கைதட்டினால் வரும் எதிரொலியைக் குறைக்கும். அறை 'டெட்' ஆகிவிட்டது போல் தோன்றும். பேஸை அவை தொடுவதேயில்லை. நுண்துளைப் பொருள் எதுவும் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் இருக்கும்போதுதான் அதை முழுமையாக விழுங்கும். இரண்டு அங்குலத்துக்கு அந்தக் கணக்கு 1,700 ஹெர்ட்ஸுக்கு மேல். 57 ஹெர்ட்ஸுக்குக் கால் பங்கு என்றால் ஐந்தடி! ஃபோம் ஒட்டிய அறையில் மேல் ஸ்தாயி முழுவதும் உறிஞ்சப்பட்டு, பேஸ் மட்டும் தனியாக உருண்டுகொண்டிருக்கும். வெறுஞ்சுவரே மேல் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அந்த ஒலி கெட்டுவிடும். போதாக்குறைக்கு, ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் இந்தக் காற்றில் மலிவான ஃபோம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கும்.

வேலை செய்வது தடிமன்தான். நான்கு அங்குல ராக்வூல் பலகையைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்தினால், எட்டு அங்குலப் பலகைக்கு நெருக்கமான பலன் கிடைக்கும். காற்று ஓட்டம் சுவரோரத்தில் நின்றுபோகிறது, சுவரைவிட்டு விலகிய இடத்தில்தான் வேகம் பிடிக்கிறது. அந்த வேகத்தைத்தான் ராக்வூல் இழை உராய்ந்து வெப்பமாக மாற்றுகிறது. இந்த இடைவெளியால் ஃபீனிக்ஸ் பேக்கு இன்னொரு நன்மை. சுவரோடு ஒட்டிய பலகையின் பின்னால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நான்கு அங்குல இடைவெளியில் காற்று நடமாடும். ராக்வூல் தண்ணீரை இழுப்பதில்லை, ஆனால் மேலே போர்த்தும் பருத்தித் துணி இழுக்கும். மூச்சு விடும் பாலியெஸ்டர் துணி போடுங்கள், ஊதிப் பார்த்தால் காற்று மறுபக்கம் வர வேண்டும். ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், உப்புக்காற்று மற்றதைத் தின்றுவிடும்.

பலகைகளை எங்கே வைப்பது? முதலில் மூலைகள். எல்லா அலையும் அழுத்தம் சேர்க்கும் இடம் மூலைதான். தரையிலிருந்து கூரை வரை நான்கு மூலையையும் குறுக்காக மறித்து நிரப்ப முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது பின்சுவர், முடிந்த அளவு தடிமனாக. கூரையில் தொங்கவிடும் பலகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26-ன் நிலநடுக்கத்தையும் சுனாமியையும் பார்த்த மண் இது, நிலநடுக்க அபாயம் மிகுந்த மண்டலம். தலைக்கு மேல் எது தொங்கினாலும் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு, நான்கு முனையிலும் கம்பியால் தனியாகக் கட்டுங்கள். பசையை நம்பி எதையும் தொங்கவிடாதீர்கள்.

ராக்வூல் வருவதற்குள் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே பொருள் இருக்கிறது. அறை ஒலியியல் என்ற துறையே மெத்தையில்தான் பிறந்தது. 1895-ல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று சரிசெய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஒலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்தார். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை அந்த மெத்தைகளுக்குக் குறைந்ததல்ல. இரண்டு மெத்தையைச் சுருட்டிப் பின் மூலைகளில் நிறுத்தி, தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். மாற்றம் கேட்டால் செலவு செய்யலாம் என்று அறையே சொல்லிவிடும்.

மர வீட்டின் பாடம்

தீவின் பழைய வீடுகள் பலகைச் சுவரும் தகரக் கூரையுமானவை. 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையின் ஊர் இது. மரத்தில் வீடு கட்டுவது இங்கே இயல்பாக இருந்தது. அந்த வீடுகளில் பேஸ் பொங்குவது குறைவு. மெல்லிய பலகை தாழ்ந்த ஒலிக்கு அசைந்து கொடுக்கும், அந்த அசைவில் ஆற்றல் செலவாகும், மிச்சம் வெளியே கசிந்துவிடும். கான்கிரீட் அசைவதில்லை, எல்லாவற்றையும் திருப்பி உள்ளேயே எறிகிறது. மர வீட்டைக் கான்கிரீட்டாக மாற்றியபோது புயலுக்கும் கரையானுக்கும் விடை கிடைத்தது. பேஸுக்கு வினை வந்தது. தகரத்தில் மழை கொட்டும்போது மைக்கைத் திறக்க முடியாது என்பதால் பழைய வீட்டுக்கே திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பலகைச் சுவரின் வேலையைக் கான்கிரீட் அறைக்குள் கொண்டுவரலாம் என்கிறேன்.

அதற்குக் கணக்கு உண்டு. பிளைவுட் தாளின் எடையை, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எடுங்கள். அதைப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்றின் ஆழத்தால், மீட்டரில், பெருக்குங்கள். வர்க்கமூலம் கண்டு, 60-ஐ அதால் வகுத்தால் அந்தப் பலகை விழுங்கும் அதிர்வெண் வரும். ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.4 கிலோ. இருபது சென்டிமீட்டர் ஆழமுள்ள சட்டத்தின் மேல் அதைக் காற்றுப் புகாமல் அடித்தால் விடை 58 ஹெர்ட்ஸ். நம் பத்தடி அறையைப் படுத்தும் அதே எண்! ஐந்தடி ராக்வூல் செய்ய வேண்டிய வேலையை எட்டு அங்குலப் பெட்டி செய்கிறது. பெட்டிக்குள் பிளைவுட்டில் படாமல் கொஞ்சம் ராக்வூல் வையுங்கள், அலைவு சீக்கிரம் அடங்கும். ஒன்று போதாது, பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் அழுத்தம் கூடும் இடங்களில் பல வேண்டும். அவரவர் அறையின் எண்ணுக்கு ஏற்ப ஆழத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், இது எல்லா அறைக்கும் பொதுவான அளவு இல்லை. ஊர் தச்சர் செய்து தரக்கூடிய வேலை இது. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

செலவே இல்லாத திருத்தமும் உண்டு. ஸ்பீக்கரை அறையின் நீளவாக்கில், குறுகிய சுவரை ஒட்டிப் போடுங்கள். காது இருக்கும் இடம் முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதத்தில், பன்னிரண்டடி அறையில் நாலரை அடியில், இருக்கட்டும். அங்கிருந்து அரையடி முன்பின் நகர்த்திப் பார்த்து முடிவு செய்யலாம். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 87 ஹெர்ட்ஸை எதிர்த்து அழித்துவிடும். பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உயிர்நாடியான இடம் அது. முகம் சுவரிலிருந்து ஓரடி தூரத்தில் இருக்கும்படி தள்ளி வைத்தால் அந்தப் பள்ளம் 290 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அங்கே நான்கு அங்குலப் பலகையே அதைச் சமாளிக்கும். சுவரோரத்தில் பேஸ் கூடும். ஸ்பீக்கரின் பின்னால் உள்ள சுவிட்சில் குறைத்துக்கொள்ளலாம்.

ஈக்யூ போட்டே அறையைச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுவது நல்லது. பொங்கும் எண்ணைக் கொஞ்சம் அடக்க ஈக்யூ உதவும். பள்ளத்தை நிரப்ப உதவாது. பத்து டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தியைக் கொட்ட வேண்டும், கொட்டியதையும் அறை அதே இடத்தில் அழித்துவிடும்.

அளந்து பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். ஜான் முல்காஹி உருவாக்கிய ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். ஓர் அளவீட்டு மைக்கைக் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, 20-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஓடவிட்டால் மேடுபள்ளம் திரையில் தெரியும். உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்த எண் எவ்வளவு நேரம் அடங்காமல் நிற்கிறது என்று காட்டும் வரைபடத்தையும் பாருங்கள். பேஸ் குழம்புவது பெரும்பாலும் ஒலி அடங்காமல் நீள்வதால்தான். நின்றுபோன ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் மேல் படிகிறது.

இந்த ஊருக்கே உரிய இரண்டு சங்கதி. ஒன்று, மின்சாரம். தீவு பெரிதும் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சின் 50 ஹெர்ட்ஸில் அதிரும்; மின்கம்பியின் முனகலும் 50 ஹெர்ட்ஸ். அளவீட்டில் அந்த இடத்தில் மேடு தெரிந்தால், முதலில் பக்கத்து ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள், எர்த்தைச் சரிபாருங்கள், அப்புறம் சுவரைக் குறை சொல்லலாம். இரண்டாவது, கப்பல். 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் ஹார்ன் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்பது 1972-ன் சர்வதேசக் கடல் விதி; 75 மீட்டருக்கு மேற்பட்டவை 130 முதல் 350. பேஸ் கிட்டார் பாடும் அதே தளம். அதை ராக்வூல் தடுக்காது. அறைக்குள் ஒலியை அடக்குவது ஒரு வேலை, வெளியொலியைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதற்கு எடை வேண்டும், சந்து பொந்து அடைபட வேண்டும். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருப்பவர் அந்தச் செலவில் இறங்குவதைவிட, கப்பல் நேரம் பார்த்து மைக்கைத் திறப்பதே புத்தி.

நெருக்கமான குடியிருப்பு என்பதால் பலர் இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்து மிக்ஸ் செய்கிறார்கள். அதிலும் ஒரு வலை இருக்கிறது. சத்தம் குறையக் குறைய காதுக்குப் பேஸ்தான் முதலில் மறையும் என்று பெல் ஆய்வகத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். இரவில் ஏற்றிய பேஸைப் பகலில், சாதாரணப் பேச்சைவிடச் சற்று உயர்ந்த அளவில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது மொபைல். அதன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனால் 100, 150, 200 என்று அதன் மடங்குகள் கேட்டால் மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பேஸ் ட்ராக்கில் அந்த மடங்குகளைக் கூட்டும் சாச்சுரேஷனைக் கொஞ்சம் சேர்ப்பது அதற்காக. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தீர்மானிக்கவும், உண்மை சொல்லும் அறை வேண்டும்.

புதிதாக ஸ்டூடியோ வைக்கப் போகிறீர்கள் என்றால், ஸ்பீக்கருக்குப் பணம் கட்டுமுன் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் எழுதி, 175-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துப் பாருங்கள். வரும் மூன்று எண்களும் ஒன்றையொன்று ஒட்டி நின்றால், வீட்டில் வேறு அறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் மாதச் செலவைத் தச்சரிடம் கொடுங்கள்.